வாசலுக்கு மேலே ஒரு பெயர்

அவருக்கு வலது காலில் புண். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, உட்புறமாக, உள்ளங்கை அகலத்துக்கு. திங்களும் வியாழனும் நான் போய்க் கட்டு மாற்ற வேண்டும். பழைய கட்டை அவிழ்த்து, காலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துக் கழுவி, புண்மேல் மருந்துத் துணி வைத்து, பாதத்திலிருந்து முழங்கால் வரை நான்கு அடுக்காகச் சுற்றுவேன். முதலில் பஞ்சு, அப்புறம் க்ரேப், அதன்மேல் இறுக்கிப் பிடிக்கும் எலாஸ்டிக், கடைசியில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் பட்டை. முக்கால் மணி நேர வேலை. இங்கிலாந்துக் கிராமத்தில் பப் என்றால் என்னவென்று அந்த முக்கால் மணி நேரங்களில்தான் தெரிந்துகொண்டேன்.

2006ஆம் வருஷம். கோயம்புத்தூரில் நர்ஸிங் படித்துவிட்டு 2002இல் இந்த நாட்டுக்கு வந்தவள் நான். ஆஸ்பத்திரி வார்டில் நான்கு வருஷம் ஓட்டியபின், டெவனில் டார்ட்மூர் மேட்டுநிலத்தின் வடகிழக்கு ஓரமாக இருக்கும் கிராமங்களுக்கு வீடு வீடாகப் போகும் வேலைக்கு மாறியிருந்தேன். கார் ஒன்று நுழைந்தால் எதிரே வருகிறவர் பின்னோக்கியே போகவேண்டிய சந்துகள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே வேலி. வழி தவறினால் கேட்பதற்கு ஆள் இருக்கும் இடம் பப் ஒன்றுதான். ஆரம்பத்தில் வாசலில் நின்றுதான் கேட்பேன். உள்ளே காலெடுத்து வைக்க மனம் வராது.

பெரியவருக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. 1963இலிருந்து 1996 வரை முப்பத்து மூன்று வருஷம் அந்த ஊரின் ஒரே பப்பை நடத்தியவர். இப்போது அதற்கு நேர் எதிரே ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். நாற்காலியை ஜன்னலோரம் போட்டிருந்தார், பப் வாசல் தெரிகிற கோணத்தில். "முப்பத்து மூணு வருஷம் நின்ன கால், கண்ணு. இப்ப வாடகை கேக்குது" என்பார். நின்றே வேலை செய்கிறவர்களுக்கு ரத்தக் குழாய்க்குள் இருக்கும் வால்வுகள் தளர்ந்து, ரத்தம் மேலே ஏறமுடியாமல் தேங்கி, தோல் உடைந்து புண்ணாகலாம். அவர் சொன்னதில் மருத்துவப் பிழை ஏதும் இல்லை.

'கண்ணு' என்று நான் எழுதுவது என் மொழிபெயர்ப்பு. டெவன் பக்கத்து வயசாளிகள் ஆண் பெண் பார்க்காமல் எல்லோரையும் 'மை லவ்வர்' என்று கூப்பிடுவார்கள். முதல் நாள் கேட்டபோது திடுக்கிட்டேன். ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது, இது எங்கள் கொங்குப் பக்கத்துக் 'கண்ணு'தான் என்று.

பப் நடத்துகிறவரை ஊர் 'லேண்ட்லார்ட்' என்கிறது. தமிழில் வீட்டுக்காரர். வீட்டுக்குச் சொந்தக்காரர் என்ற பொருளும் வரும், குடும்பத்தைத் தாங்குகிறவர் என்ற பொருளும் வரும். முதல் பொருளில் பல லேண்ட்லார்டுகள் வீட்டுக்காரர்களே இல்லை. பெரியவர் காலத்தில் கட்டடம் பெரும்பாலும் பீர் ஆலையுடையது. லேண்ட்லார்ட் அதற்கு வாடகை கட்டும் குத்தகைக்காரர். அந்த ஆலையின் பீரை மட்டுமே, அது சொல்லும் விலைக்கே வாங்க வேண்டியிருந்தது. இரண்டாவது பொருள்தான் பொருந்தும். பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்', பொது வீடு. மாடியில் அவர் குடும்பம் தூங்கும்; கீழே கூடத்தில் ஊர் உட்கார்ந்திருக்கும்.

ஒரு வியாழக்கிழமை, கட்டுப் போட்டு முடித்ததும், அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பலகையை எடுக்கச் சொன்னார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், ஒரு சாண் அகலம். கறுப்புப் பெயிண்டின்மேல் வெள்ளை எழுத்து. அவர் பெயர், அதன் கீழே பொடி எழுத்தில், இன்ன இன்ன மது வகைகளை இங்கேயே குடிக்கவும் வாங்கிப் போகவும் விற்க உரிமம் பெற்றவர் என்று ஒரு வரி. உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயரைக் கடை வாசலுக்கு மேலே எழுதி வைக்க வேண்டும் என்பது இந்த நாட்டில் வெகுகாலம் சட்டமாக இருந்தது. 2005இல் புதிய உரிமச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்தக் கட்டாயம் போனது.

"உன் டார்ச்சை எடு" என்றார். புண்ணின் ஆழம் பார்க்க நான் வைத்திருக்கும் பேனா டார்ச். "நேரா அடிக்காதே. படுக்க வச்சு அடி." பலகையின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்தேன். வெளிச்சம் தரையோடு தரையாக ஓடியபோது அவர் பெயருக்கு அடியிலிருந்து இன்னொரு பெயரின் மேடுகள் எழுந்து வந்தன. ஒரு பெண்ணின் பெயர். அதற்கும் அடியில், சில எழுத்துக்கள் மட்டும், ஓர் ஆணின் பெயர். குடும்பப் பெயர் இரண்டுக்கும் ஒன்று. ஒவ்வொரு தடவை உரிமம் கைமாறும்போதும் பெயிண்டர் அதே பலகையில் பழைய பெயரின்மேல் கறுப்பு அடித்துப் புதுப் பெயர் எழுதியிருக்கிறார். கறுப்பு எவ்வளவு பூசினாலும் வெள்ளை எழுத்தின் தடிப்பு போகவில்லை.

அந்தப் பெண் இவருக்கு முன்னால் இருந்தவர். புருஷன் போர்க்காலத்தில் இறந்ததும் மாஜிஸ்திரேட் முன்னால் போய் நின்று உரிமத்தைத் தன் பேருக்கு மாற்றி வாங்கிக்கொண்டாராம். 1552இலிருந்தே இங்கே பீர்க்கடை வைக்க நீதிபதிகளின் அனுமதி வேண்டியிருந்தது. நாணயமாக நடத்துவேன் என்று ஜாமீனும் கொடுக்க வேண்டியிருந்தது. நடுவில் 1830இல் ஒரு சட்டம் வந்து அதைத் தளர்த்திவிட்டது. வரி கட்டுகிற எந்த வீட்டுக்காரரும் இரண்டு கினி கட்டினால் தன் வீட்டிலேயே பீர் காய்ச்சி விற்கலாம். ஜின்னில் மூழ்கிக்கொண்டிருந்த ஏழைகளைப் பீர் பக்கம் திருப்புவதற்காக என்றார்கள். கொல்லரும் தச்சரும் சின்னச் சம்சாரியும் முன்னறையில் இரண்டு பெஞ்சு போட்டு லேண்ட்லார்ட் ஆனார்கள். எங்கள் பெரியவரின் பப்பும் அப்படித்தான் ஒரு கொல்லர் வீட்டில் தொடங்கியது என்று ஊரில் பேச்சு. பின்கட்டில் பட்டறைக் கல் இன்னும் கிடந்தது. 1869இல் அதிகாரம் மறுபடி நீதிபதிகள் கைக்கே போனது.

இந்தப் பலகை என்னை ஏன் இவ்வளவு தொட்டது என்று சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது வால்பாறையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். 1981இல் தமிழ்நாட்டில் சாராயக்கடைகள் திறந்தபோது எனக்கு ஐந்து வயது. சம்பள நாளில் அப்பா நேரத்துக்கு வரவில்லையென்றால் அம்மா என்னைத்தான் அனுப்புவார். பெண் பிள்ளையை, அதுவும் சின்னப் பிள்ளையைப் பார்த்தால் வழி விடுவார்கள் என்ற நம்பிக்கை. தகரக் கூரை, முன்னால் கம்பி வலை, வலையில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டை வழியாகக் காசு உள்ளே போகும், கிளாஸ் வெளியே வரும். ஊற்றுகிற கை மட்டும்தான் எனக்குத் தெரியும். முகம் தெரியாது. கடையை ஏலம் எடுத்தவர் கீழே சமவெளியில் எங்கேயோ இருந்தார். அவரை எங்கள் லைனில் ஒருவரும் பார்த்ததில்லை. "எங்க அப்பாவுக்கு ஊத்தாதீங்க" என்று நான் யாரிடம் சொல்லியிருக்க முடியும்?

இதைப் பெரியவரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, பண்ணை வேலைக்காரர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். அந்த மனிதரின் மனைவி ஒரு நாள் பின்வாசல் வழியாக வந்து, "வெள்ளிக்கிழமை இரண்டு பைன்டுக்கு மேல் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பதினோரு வருஷம் இரண்டு பைன்டுக்கு மேல் கொடுக்கவில்லை. அந்த ஆள் கத்தியிருக்கிறார், கெஞ்சியிருக்கிறார், ஒரு தடவை நாற்காலியை உடைத்திருக்கிறார். அடுத்த ஊர் பப் நான்கு மைல். நடந்து போகவும் பார்த்திருக்கிறார். அந்த ஊர் லேண்ட்லார்டுக்கு இவர் போன் பண்ணிவிட்டார். "வாசலுக்கு மேலே இருக்கிறது என் பேரு. அந்தம்மா வேற யார் கிட்ட வருவா?"

குடித்திருப்பவருக்கு மேலும் ஊற்றுவது இங்கே சட்டப்படிக் குற்றம்தான். ஆனால் சட்டம் மட்டும் இருந்திருந்தால் அந்தப் பதினோரு வருஷம் நடந்திருக்காது. குடியை நான் எந்த இடத்திலும் நியாயப்படுத்தவில்லை. இன்றுவரை ஒரு சொட்டு தொட்டதில்லை; ஈரல் வீங்கிச் செத்தவர்களை இரண்டு நாட்டிலும் குளிப்பாட்டி அனுப்பியிருக்கிறேன். என் ஆதங்கம் வேறு. விற்கிறவருக்கு ஒரு முகமும் பெயரும் இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் நடுவில் இருக்கும் தூரம் என் சின்ன வயசு முழுக்கவும் நீண்டு கிடந்தது.

நான் இங்கே வந்த அடுத்த வருஷம், 2003 நவம்பரில், தமிழ்நாட்டில் அரசே டாஸ்மாக் மூலம் சில்லறை விற்பனையை எடுத்துக்கொண்டது. அரசாங்கம் கடை நடத்துகிறது என்று நான் சொன்னபோது பெரியவர் ஆச்சரியப்படவே இல்லை. பட்டாளத்தில் இருந்த நாட்களில் கார்லைல் நகரத்தில் தன் முதல் பைன்டைக் குடித்ததே சர்க்கார் பப்பில்தான் என்றார். முதல் உலகப் போரில், கிரெட்னா வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து சேர்ந்து, சம்பளத்தைக் குடித்து, போதையில் வெடிமருந்தைக் கையாளும் நிலை வந்தது. 1916இல் அரசு அந்த வட்டாரத்துப் பீர் ஆலைகளையும் பப்புகளையும் வாங்கித் தானே நடத்த ஆரம்பித்தது. பல கடைகளை மூடியது. மீதியில் மேனேஜர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்தது. பீர் எவ்வளவு விற்றாலும் அவர்களுக்கு அதில் லாபம் கிடையாது. விளம்பரப் பலகைகளை இறக்கியது. சாப்பாடு போடச் சொன்னது. போர் முடிந்தும் இந்த ஏற்பாடு 1973 வரை நீடித்தது. விற்பனையைக் குறைப்பதற்காக அரசு நடத்திய கடை. இதைக் கேட்ட அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் பண்ணினேன். அப்பா இன்னும் வரவில்லை என்றார். அங்கே மணி பன்னிரண்டரை.

அதே போர்தான் பெரியவரின் நாளையும் இரண்டாக வெட்டி வைத்திருந்தது. 1915இல் கொண்டுவந்த நேரக் கட்டுப்பாட்டால் பப்புகள் பிற்பகலில் மூடியாக வேண்டும். காலை பதினொன்றுக்குத் திறந்து இரண்டரைக்கு அடைப்பார். சாயங்காலம் மறுபடி திறப்பார். நடுவில் காலை நீட்டிப் படுப்பார். 1988 ஆகஸ்டில் நாள் முழுக்கத் திறக்கலாம் என்றானது. ஊர் ஓரமாக நடைபயணம் வருகிறவர்கள் மூன்று மணிக்கும் கதவைத் தட்டினார்கள். மனைவிக்கு அதற்குள் உடம்பு சரியில்லாமல் போயிருந்தது. "அந்த மத்தியானத் தூக்கம் போனதிலிருந்துதான் கண்ணு, காலும் போச்சு."

நிலவறையை நான் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அவரால் படி இறங்க முடியாது. அப்போது பப்பை நடத்திய அம்மாவிடம் சொல்லி, என்னைக் கீழே அனுப்பிவிட்டு, இவர் படியின் தலைப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு மேலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு அடித்த கல் சுவர். பன்னிரண்டு டிகிரி குளிர். மரச்சட்டத்தின்மேல் படுத்த நிலையில் பீப்பாய்கள், ஒவ்வொன்றும் ஒன்பது காலன், எழுபத்திரண்டு பைன்டு. அசையாமல் இருக்க மர ஆப்பு. உள்ளே ஈஸ்ட் இன்னும் உயிரோடிருக்கிறது. பீப்பாய்க்குள்ளேயே அது புளித்துக்கொண்டிருக்கும். மேல்வயிற்றில் இருக்கும் துளையில் முதலில் காற்றுப்போகும் மென்மரக் குச்சியைச் செருகுகிறார்கள். நுரை குமிழிட்டு அடங்கியதும் அதை எடுத்துவிட்டுக் கடின மரக் குச்சி. வண்டல் அடியில் இறங்க ஒரு நாள் விட வேண்டும். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைப் போட்டிருப்பதால் ஈஸ்ட் அதோடு சேர்ந்து படியும்.

பிறகு குழாய். அந்தம்மா கொட்டாப்புளியை என் கையில் கொடுத்தார். மேலேயிருந்து குரல் வந்தது: "ஒரே அடி. தயங்கினா முகத்துல அடிக்கும்." அடித்தேன். தக்கை உள்ளே போய், குழாய் இறங்கி நின்றது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. மேலே பெரியவர் கைதட்டினார். திறந்த பீப்பாயை மூன்று நாளுக்குள் காலி பண்ண வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போகும். எங்கள் பக்கத்துக் கள்ளும் இப்படித்தான், காலையில் இனிப்பு, சாயங்காலம் புளிப்பு. இதைச் சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பனை மரத்தைப் பற்றி மூன்று வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவர் தானாக ஓய்வு பெறவில்லை. 1989இல் அரசு, சில பெரிய பீர் ஆலைகளின் பிடியைத் தளர்த்துவதற்காக, இரண்டாயிரத்துக்கு மேல் பப் வைத்திருக்கும் ஆலைகள் கூடுதலில் பாதியைத் தங்கள் பீர் மட்டுமே விற்கும் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றது. ஆலைகள் பப்புகளைக் கூட்டம் கூட்டமாக விற்றன. வாங்கியவை பீரே காய்ச்சாத, கட்டடங்களை மட்டும் வைத்து வாடகை வாங்கும் கம்பெனிகள். கட்டுப்பாடு போகவில்லை, கை மாறியது. முன்பு ஆலையின் வண்டிக்காரர் முதல் மேலாளர் வரை இவருக்குப் பெயர் சொல்லித் தெரியும். புதுக் கம்பெனியிலிருந்து கடிதம்தான் வந்தது. ஐந்து வருஷத்துக்கொரு தரம் வாடகையை ஏற்றும் கடிதம். 1996இல் சாவியைக் கொடுத்துவிட்டார். அடுத்தவருக்குத் தன் செலவில் புதுப் பலகை செய்து கொடுத்து, பழையதைக் கழற்றிக்கொண்டு எதிர்வீட்டுக்கு வந்தார்.

"டிரூஸ்டைன்டன் போயிருக்கியா?" என்று ஒரு நாள் கேட்டார். போனதில்லை. "மேபல் அத்தை பப்பைப் பாக்காம இந்தத் தொழிலைப் பத்திப் பேசாதே."

2007 வசந்தத்தில், லீவு நாளில் போனேன். டீன் ஆற்றுப் பள்ளத்துக்கு மேலே, தேவாலயத்தை ஒட்டிய சின்னச் சதுக்கம். வைக்கோல் வேய்ந்த நீளமான கட்டடம், டிரூ ஆர்ம்ஸ். மேபல் மட்ஜ் என்ற பெண்மணி கணவரோடு 1919இல் இங்கே வந்தார். கணவருக்குப் பின்னும் தொடர்ந்து நடத்தி, 1994இல் ஓய்வு பெற்றபோது வயது தொண்ணூற்றொன்பது. எழுபத்தைந்து வருஷம் ஒரே வாசலுக்கு மேலே ஒரே குடும்பப் பெயர். பிரிட்டனில் இவ்வளவு நீண்ட காலம் பப் நடத்திய வேறு பெண் இல்லை என்பார்கள். நூற்றொன்றாவது வயதில், 1996இல், காலமானார்.

உள்ளே தேடினால் கவுண்டர் இல்லை. பீப்பாய்கள் பின்னறையில் தாங்கிகளின்மேல். சுவரில் ஒரு திறப்பு, அதன் வழியாகக் கிளாஸ் வருகிறது. என் கால் நின்றுவிட்டது. சுவரில் ஒரு திறப்பு. அதன் வழியாகக் காசு போகிறது, கிளாஸ் வருகிறது. ஆனால் திறப்பில் கம்பி இல்லை. அதற்கு அப்பால் ஒரு முகம் குனிந்து என்னைப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்டது. எலுமிச்சை ஜூஸ் கேட்டேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. பக்கத்திலிருந்த வயசாளி ஒருவர் ஒன்றும் கேட்காமல், அடுப்புக்கு அருகில் இருந்த தன் இடத்தை எனக்கு விட்டுவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

அந்தப் பப்பின் பெயரிலும் எனக்கு ஓர் உறவு இருந்தது. முன்பு அது டுருயிட் ஆர்ம்ஸ். ஜூலியஸ் டிரூ என்பவரைக் கௌரவிக்க 1920களில் மாற்றினார்கள். தேயிலை வியாபாரத்தில் தொடங்கி, ஹோம் அண்ட் கொலோனியல் என்று நாடு முழுக்க மளிகைக் கடைகள் வைத்துப் பெரும் பணம் சேர்த்தவர். அந்தப் பணத்தில் ஊருக்கு மேற்கே பாறை முனையில் டிரோகோ கோட்டையைக் கட்டினார். 1911இல் தொடங்கி 1930இல் முடிந்தது. வரைந்து கொடுத்தவர் லட்யன்ஸ், அதே வருஷங்களில் புது டெல்லியையும் கட்டியவர். கோட்டையின் கருங்கல் சுவரை ஆற்றங்கரையிலிருந்து அண்ணாந்து பார்த்தபோது அம்மாவின் விரல்கள்தான் ஞாபகம் வந்தன. கொழுந்து கிள்ளிக் கிள்ளிச் சாயமேறி, எந்த சோப்புக்கும் போகாத கறுப்பு.

பதினான்கு மாதத்தில் புண் மூடியது. கடைசிக் கட்டைப் பிரித்து, புதுத் தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி நான் வரவேண்டியதில்லை என்றேன். அவர் மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கைத்தடியோடு தெருவைத் தாண்டினார். நானும் கூட நடந்தேன். எனக்கு எலுமிச்சை ஜூஸ், அவருக்கு அரை பைன்டு. அந்தம்மா காசு வேண்டாம் என்றார். இவர் சில்லறையை எண்ணிக் கவுண்டரில் வைத்தார். தன் காலத்தில் ஓசியில் யாருக்கும் ஊற்றியதில்லையாம்.

2010 குளிர்காலத்தில் அவர் போனார். பலகையை அவருடைய மகள் எடுத்துச் சென்றார். மூன்று வருஷத்தில் பப்பும் மூடியது. கம்ப்ரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் ஊர்க்காரர்கள் 2003இலேயே தங்கள் ஓல்ட் கிரௌனைக் கூட்டுறவாக வாங்கிக் காப்பாற்றினார்கள். விற்பனைக்கு வரும் பப்பை வாங்க ஊருக்கு அவகாசம் தரவேண்டும் என்று 2011இல் சட்டமும் வந்தது. இங்கே வாங்குவதற்கு ஊர் இல்லை. பாதி வீடுகள் கோடையில் மட்டும் திறக்கும் விடுமுறை வீடுகள். 2022இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துப் பப்புகள் நாற்பதாயிரத்துக்குக் கீழே வந்துவிட்டதாகப் படித்தபோது, அந்த எண்ணிக்கையில் இல்லாத ஒரு வாசல் என் கண்ணில் நின்றது.

போன மாதம் அந்த வழியாக வேறொரு நோயாளியைப் பார்க்கப் போனேன். பப் இப்போது ஒரு குடும்பத்தின் வீடு. ஜன்னலில் திரை, வாசலில் குழந்தையின் சைக்கிள். காரை நிறுத்தி இறங்கினேன். நிலைக்கு மேலே சாம்பல் நிறப் பெயிண்ட் புதிதாக அடித்திருக்கிறார்கள். சாயங்கால வெயில் சாய்ந்து விழுந்தது. பெயிண்டுக்கு அடியில் நான்கு ஆணித் துளைகள், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான இடைவெளியில், இரண்டும் இரண்டுமாகத் தெரிந்தன.